இலங்கை மலையகத்துல போதைப் பழக்கத்தப் பத்தி மூளை ஆராய்ச்சிக்கு ஒரு கூட்டு வலையமைப்பு, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

கொட்டகலைக்காரி · ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுமையா வாசிங்க.

நான் தேயிலைத் தோட்டத்துல பொறந்து லயத்துலயே, வரிசை வீட்டுலயே வளந்தவ. சம்பள நாளன்னிக்கு அப்பா தவறணை, அதான் சாராயக் கடைப் பக்கம் போகாம நேரா வீட்டுக்கு வந்தது ரொம்ப அபூர்வம், அம்மா கொழுந்தெடுத்த காசுலதான் நாங்க மூணு பேரும் படிச்சோம். ஆனா அப்பா கெட்ட மனுசன் இல்லைங்க. வெடிகாலைல எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் அரைச்சு எங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது அவர்தான். விட்டுருவேன்னு சாமி படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணுவாரு, ரெண்டு நாள் மூணு நாள் இருப்பாரு, அப்புறம் திரும்பவும். சின்ன வயசுல எனக்கு இருந்த ஒரே கேள்வி இதுதான், வேணாம்னு மனசார நெனைக்கிற ஒருத்தர் ஏன் திரும்பத் திரும்ப அங்கயே போறாரு?

கம்பஸ் போனதுக்கு அப்புறம்தான் இந்தக் கேள்விய மூளைக்குள்ள போய்த் தேடுற ஒரு துறையே இருக்குன்னு தெரிஞ்சுது. 1954ல ஓல்ட்ஸ், மில்னர்னு ரெண்டு பேர் எலியோட மூளையில ஒரு கம்பிய வச்சு, அது லீவர அமுக்குனா அந்த எடத்துல கொஞ்சம் கரண்ட் போற மாதிரி செஞ்சாங்க, எலி விடாம அமுக்கிக்கிட்டே இருந்துச்சுன்னு வாசிச்சப்ப எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. அன்னிக்கு நைட்டு நான் தூங்கல.

இப்ப ஒரு ஆராய்ச்சிக் குழுவுல உதவியாளரா வேலை செய்றேன். என் மனசுல இருக்கிறது என்னன்னா, ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளைப் பக்கம் தோட்டத்து டிஸ்பென்சரில இருக்கிறவங்க, ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்ல இருக்கிறவங்க, பேராதனை மாதிரி கம்பஸ்ல இருக்கிறவங்க, வெளிநாட்டுல மூளை ஆராய்ச்சி செய்யிற நம்ம பசங்க, இவங்க எல்லாரையும் ஒரே கயித்துல கோக்கணும். தனித்தனியா ஆளுக்கு நாப்பது பேர வச்சு ஒரு தீசிஸ் எழுதி அலமாரில வைக்கிறதுல எனக்கு இஷ்டமில்ல.

ஒரு விசயம் மனச அரிக்குது, அதையும் சொல்லிர்றேன். நான் ஏ.எல் படிக்கிறப்ப வெளியிலேருந்து ஒரு குழு வந்து எங்க லயத்துல வீடு வீடா ரெண்டு மணித்தியாலம் உக்காந்து கேள்வி கேட்டாங்க. அம்மா அன்னிக்கு அரைப்பேரோட, அரை நாள் சம்பளத்தோட நின்னுக்கிட்டாங்க. அந்த ஆராய்ச்சில என்ன தெரிய வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் எங்களுக்கு வந்து சொல்லல. அந்த மாதிரி இன்னொண்ண நான் செய்யக்கூடாது.

என் கேள்வி: ஸ்கேன் மெசின் இல்லாம இதெல்லாம் முடியுமா? மொதல்ல யாரைச் சேக்கணும்? எதை அளக்கணும்? தகவல் யார்கிட்ட இருக்கணும்? அனுபவம் உள்ளவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.

---

மகாவலிக்கரை · ஞாயிறு இரவு 11.15

தங்கச்சி, நான் கண்டிப் பக்கம் படிச்சு இப்ப வெளிநாட்டுல மூளை ஸ்கேன் படங்கள வச்சு வேலை செய்றவன். ஒங்க பதிவ வாசிச்சிட்டு சும்மா போக முடியல.

மொதல்ல ஸ்கேன் விசயம். மெசின் இல்லைன்னு கவலைப்படாதீங்க, மெசின் இருக்கிற எடத்துலயே பெரிய பிரச்சினை வேற. 2013ல ஒரு கணக்கு வந்துச்சு, நரம்பியல் ஆராய்ச்சிகள வரிசைப்படுத்தி நடுவுல நிக்கிறத எடுத்துப் பாத்தா, நெசமா இருக்கிற ஒரு விசயத்தக் கண்டுபிடிக்கிற வாய்ப்பே நூத்துக்கு இருவத்தொண்ணு பக்கம்தான்னு, காரணம் ஆள் எண்ணிக்கை ரொம்பக் குறைவு. 2022ல வந்த இன்னொரு ஆய்வு, ஒரு மனுசனோட நடத்தைக்கும் மூளை அமைப்புக்கும் தொடர்பு தேடுறதுனா ஆயிரக்கணக்குல ஆள் வேணும்னு காட்டிச்சு. நாப்பது பேர் தீசிஸ் வேணாம்னு நீங்க சொன்னது ரொம்பச் சரி.

இதுக்காகத்தான் 2009ல பல நாட்டு மூளை ஆய்வுகூடங்க சேந்து எனிக்மான்னு ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சாங்க. அதுல போதைப் பழக்கத்துக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, 2019ல அவங்க வெளியிட்ட ஒரு ஆய்வுல 23 ஆய்வுகூடத்துப் படங்கள ஒண்ணாப் போட்டாங்க, 3,240 பேர், அதுல 2,140 பேர் மது, சிகரெட், கொக்கெயின், மெத், கஞ்சா இதுல ஏதாவது ஒண்ணுக்கு அடிமையானவங்க. அதுல மூளையோட சாம்பல் நிறப் பகுதியில மதுதான் ரொம்பப் பரவலா மாற்றத்தக் காட்டிச்சு. எந்தத் தனி ஆய்வுகூடமும் அத்தனை பேர சேத்திருக்க முடியாது. அந்தக் கூட்டமைப்புல பல வேலைகள்ல ஒங்க ஆளோட படத்த யாருக்கும் அனுப்பவே தேவையில்ல, எல்லாரும் ஒரே செய்முறைய அவங்கவங்க கம்பியூட்டர்ல ஓட்டுவாங்க, கடைசில வர்ற கூட்டுக்கணக்க மட்டும் அனுப்புவாங்க. தகவல் யார்கிட்ட இருக்கணும்னு கேட்டீங்கல்ல, அதுக்கு ஒரு வழி இது.

நமக்குக் கிட்ட இருக்கிறதுன்னா இந்தியாவுல சி-வேடான்னு ஒண்ணு, யாரு போதைக்கு ஆளாகுறாங்க, ஏன்னு தேடுற ஆய்வு, பெங்களூர்ல இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்துலேருந்து நடத்துறது, ஆறு வயசுலேருந்து 23 வயசு வரைக்கும் உள்ளவங்கள 7 எடத்துல பாக்குறாங்க, மைசூர், கொல்கத்தா, சண்டிகர், இம்பால்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத எடங்கள். எல்லா எடத்துலயும் ஸ்கேன் கிடையாது, ஆனா எல்லா எடத்துலயும் ஒரே கேள்விக்கொத்து, ஒரே விளையாட்டுச் சோதனை. அதுதான் சூட்சுமம். மூணு தோட்டம் ரெண்டு கிளினிக்னு சின்னதா இருந்தாலும் எல்லாரும் ஒரே மாதிரி அளந்தா, நாளைக்கு யார்கூட வேணாலும் சேத்துப் பாக்கலாம். ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரி அளந்தா பத்தாயிரம் பேர் இருந்தாலும் ஒண்ணுக்கும் ஆகாது.

---

டிஸ்பென்சரி அக்கா · திங்கள் காலை 6.05

வேலைக்குப் போக முந்தி எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

மகாவலிக்கரை தம்பி அளக்குறதப் பத்திச் சொன்னாரு. நான் தோட்டத்துல 20 வருசத்துக்கு மேல மருந்து குடுக்குறவ, அளக்குறதுல எங்க இடிக்கும்னு எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தோட ஓடிட்னு பத்துக் கேள்வி இருக்கு, மொத்தம் 40 புள்ளி, 8 இல்லாட்டி அதுக்கு மேல வந்தா கவனிக்கணும். நல்ல கேள்விங்கதான். ஆனா அதுல "ஒரு தடவைக்கு எத்தனை டிரிங்"குன்னு கேக்கும். நம்ம ஆளுங்க டிரிங் கணக்குல குடிக்கிறதில்ல, கால் போத்தல், அரைப் போத்தல், ரெண்டு பேர் சேந்து ஒண்ணு. நான் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாத்தேன். கால் போத்தல்னா 180 மில்லி, போத்தல்ல 33.5 சதவீதம்னு போட்டிருந்தா அதுல சுத்த அல்ககோல் 60 மில்லி, ஒரு மில்லி 0.79 கிராம், அப்போ 47, 48 கிராம் வருது. ஓடிட் கணக்குல 10 கிராம் ஒரு டிரிங். கால் போத்தல் குடிச்சவரு கிட்டத்தட்ட அஞ்சு குடிச்சிருக்காரு, ஆனா அவர்கிட்ட கேட்டா "ஒண்ணுதாம்மா, ஒரு கால் மட்டும்"னு சொல்லுவாரு, நீங்க ஒண்ணுன்னு எழுதிருவீங்க. 8.8 சதவீத பியர் பெரிய டின் ஒண்ணும் மூணரை டிரிங். கசிப்புனா, அதான் கள்ளச்சாராயம், கணக்கே போட முடியாது, ஒவ்வொரு காய்ச்சலும் ஒவ்வொரு மாதிரி. அதனால மொதல் வேலையா போத்தல், கிளாஸ், டின் எல்லாத்துக்கும் படம் போட்டு ஒரு அட்டை செய்ங்க. அத எல்லா எடத்துலயும் பாவிக்கணும்.

அடுத்தது ரொம்ப முக்கியம், இத எழுதத்தான் வந்தேன். கார்த்திகை பொறந்தா நம்ம ஆளுங்க ஐயப்பனுக்கு மாலை போடுவாங்க. தினமும் குடிச்சவரு மாலை போட்ட அன்னிக்கே சடார்னு நிப்பாட்டுவாரு. ரெண்டு மூணு நாளுக்குள்ள கை நடுங்கி, வேர்த்து, சிலருக்கு வலிப்பு வந்து, சிலரு இல்லாத ஆளுங்களப் பாத்துப் பேசிக்கிட்டு தூக்கிட்டு வருவாங்க. வீட்டுல "சாமி வந்திருக்கு"ன்னு நெனச்சு சூடம் காட்டிக்கிட்டு இருந்த ஒரு கேஸ் நான் பாத்தேன், நல்ல நேரம் பக்கத்து வீட்டுப் பொம்பள ஓடி வந்து சொன்னா. நெறைய நாள் குடிச்ச மூளை, மதுவோட அமுக்கத்துக்கு எதிரா தன்ன முடுக்கி வச்சிருக்கும், அமுக்குறது திடீர்னு இல்லாமப் போனா முடுக்கம் மட்டும் நிக்கும், அதான் நடுக்கமும் வலிப்பும். ஆறு மணித்தியாலத்துலேருந்து ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாம் நாளுலேருந்து நாலாம் நாளுக்குள்ள அந்தப் பெரிய குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. தினமும் குடிக்கிறவங்க டொக்டர்கிட்ட காட்டி மருந்தோடதான் நிப்பாட்டணும். தயமின்ங்கிற விட்டமின் ஊசியும் வேணும், சாப்பாடில்லாம குடிச்சவங்களுக்கு அது இல்லாட்டி ஞாபகமே போயிரலாம். ஒங்க வலையமைப்பு ஒரு கேள்வி கேக்குறதுக்கு முந்தி, யாருக்காவது இப்பிடி வந்தா எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வாகனத்துலன்னு ஒரு ஏற்பாடு இருக்கணும். அது இல்லாம என் தோட்டத்துக்குள்ள வர வேணாம்.

பிரட்டு மணி, காலைல வேலைக்கு ஆள் கூப்புடுற மணி அடிச்சாச்சு, வர்றேன்.

---

மஸ்கெலியா அண்ணன் · திங்கள் மதியம் 1.20

நான் படிச்சவன் இல்ல, எட்டாம் வகுப்பு. ஆனா இந்த விசயத்துல நான் 18 வருசம் இருந்தவன், இப்ப நிப்பாட்டி நாலு வருசமும் அஞ்சு மாசமும் ஆகுது. மகன்தான் போன்ல இதைக் காட்டினான்.

எலி கதை வாசிச்சேன். சரிதான், ஆனா ஒண்ணு சொல்லணும். கடைசி ஏழெட்டு வருசம் எனக்கு குடிக்கிறதுல ருசியோ சந்தோசமோ ஒண்ணுமே கெடையாது. வாயில ஊத்துறப்பவே குமட்டும். ஆனாலும் போவேன். சம்பள நாளன்னிக்கு காலைல பிரட்டுக்குப் போறப்பவே, கையில காசு வரல, ஒரு சொட்டு வாயில படல, அப்பவே ஒடம்பு பரபரன்னு இருக்கும், மலையில நின்னுக்கிட்டு இருந்தாலும் மனசு தவறணைல நிக்கும். பிடிக்காத ஒண்ணு மேல அவ்வளவு ஆசை. இதை நான் யார்கிட்ட சொன்னாலும் "பிடிக்கலன்னா விடுடா"ன்னுதான் சொன்னாங்க. இதுக்கு ஒங்க ஆராய்ச்சில பதில் இருக்கா?

இன்னொண்ணு கொஞ்சம் கோவமாவே கேக்குறேன், தங்கச்சி மனசு நோகக்கூடாது. நீங்க மூளைல பிரச்சினைன்னு எழுதிட்டா, நாளைக்கு எல்லாரும் என்ன சொல்லுவாங்க தெரியுமா? தோட்டத்தான் மூளையே அப்பிடித்தான்னு சொல்லுவாங்க. பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல ஏழு பேர் படுக்குறது, மழைலயும் அட்டைக்கடிலயும் நின்னு வேலை செஞ்சிட்டு வாங்குற சம்பளம் கடைக்கடனுக்கே பத்தாம இருக்கிறது, தோட்டத்துக்கு வெளில கால் வச்ச ஒடனே தவறணை இருக்கிறது, இதெல்லாம் மறஞ்சு போயிரும். அது நடக்காதுன்னு யார் எனக்கு உறுதி குடுப்பீங்க?

---

மகாவலிக்கரை · திங்கள் மாலை 6.50

அண்ணே, நீங்க எழுதினத மூணு தடவ வாசிச்சேன். நீங்க சொன்ன அந்தப் "பிடிக்காத ஒண்ணு மேல ஆசை"ய அப்பிடியே ரெண்டு விஞ்ஞானிங்க 1993ல எழுதினாங்க, டெரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ். மூளைல வேணும்ங்கிற உணர்வுக்கும் பிடிச்சிருக்குங்கிற உணர்வுக்கும் பாதை வேற வேறன்னு அவங்க சொல்றாங்க. போதைப் பொருள் திரும்பத் திரும்ப உள்ள போகப் போக வேணும்ங்கிற பாதை மட்டும் கூராகிக்கிட்டே போகும், பிடிக்கிறது அப்பிடியே நிக்கும் இல்லாட்டி கொறையும். டோபமின்ங்கிற ரசாயனம் முக்கியமா அந்த வேணும்ங்கிற பக்கம்தான் வேலை செய்யுது. ஒங்களப் "பிடிக்கலன்னா விடு"ன்னு சொன்னவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியல.

பிரட்டுலயே பரபரன்னு இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அதுவும் அப்பிடித்தான். வொல்ஃப்ரம் ஷுல்ட்ஸ்ங்கிறவரு குரங்குகளுக்குப் பழச்சாறு குடுத்துப் பாத்தாரு. மொதல்ல சாறு வாயில பட்டாத்தான் டோபமின் செல் துள்ளும். சாறு வர முந்தி ஒரு வெளக்கு எரியிற மாதிரி கொஞ்ச நாள் பழக்கினா, சாறுக்குத் துள்றது நின்னு வெளக்குக்கே துள்ள ஆரம்பிச்சிரும். வெளக்கு எரிஞ்சும் சாறு வரலைன்னா அந்த நேரத்துல செல் வழக்கத்த விட அடங்கிப் போகும். 1997ல இதைக் கணக்கா எழுதினாங்க. ஒங்களுக்கு அந்த வெளக்கு சம்பள நாள் பிரட்டு மணி.

ஒங்க ரெண்டாவது கேள்விக்கு எங்கிட்ட உறுதி இல்ல அண்ணே, ஆனா ஒரு சான்று இருக்கு. வியட்நாம் போர்ல இருந்த அமெரிக்க சிப்பாய்ங்க நெறையப் பேர் அங்க ஹெரொயினுக்கு அடிமையா இருந்தாங்க, லீ ராபின்ஸ்னு ஒரு அம்மா அவங்க நாட்டுக்குத் திரும்புனதுக்கு அப்புறம் தேடிப் போய்ப் பாத்தாங்க. அங்க அடிமையா இருந்தவங்கள்ல மொதல் வருசத்துல திரும்ப அடிமையானவங்க நூத்துக்கு அஞ்சு பேர் மாதிரிதான். அதே மூளைதான், எடம் மாறுனுச்சு, பயம் போச்சு, கூட இருந்த ஆளுங்க மாறுனாங்க. அதனால லயத்த அளக்காம மூளைய மட்டும் அளந்தா அது பாதி ஆராய்ச்சிதான். இத நான் இங்க எங்க கூட்டத்துலயும் சொல்றவன்.

---

பண்டாரவளை டீச்சர் · திங்கள் இரவு 8.30

அண்ணன் சொன்ன பயத்துக்கு ஒரு உதாரணம் என்கிட்ட இருக்கு. நான் உளவியல் படிச்சிட்டு பாடசாலைல ஆலோசனை ஆசிரியையா இருக்கேன்.

போதை ஆராய்ச்சில ஒரு பிரபலமான சோதனை இருக்கு, இன்னிக்கு 500 ரூவா வேணுமா, ஒரு மாசம் கழிச்சு 800 வேணுமான்னு மாத்தி மாத்திக் கேப்பாங்க. ஒடனே வர்ற சின்னக் காச எடுக்கிறவங்களுக்கு அவசர புத்தி கூடுதல்னு கணக்கு. இருபத்தேழு கேள்வி, பேப்பர்லயே செய்யலாம், செலவில்ல, அதனால எல்லாரும் எடுப்பாங்க. ஆனா நம்ம தோட்டத்துல இத இப்பிடியே கேட்டீங்கன்னா என்ன நடக்கும்? மாசக் கடைசில கடைக்காரர் கொப்பியத் தூக்கிக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு, புள்ளைக்கு பஸ்ஸுக்கு காசில்ல, தோடு அடகுல வட்டி ஏறுது. அந்த அம்மா இன்னிக்கு 500 எடுக்குறது அவசர புத்தி இல்ல, ரொம்ப சரியான கணக்கு. தீபாவளி அட்வான்ஸ் வாங்குற மாசத்துல கேட்டா ஒரு பதில், அத வெட்டுற மாசத்துல கேட்டா இன்னொரு பதில். அந்தப் பதில அப்பிடியே கொண்டுபோய் மூளையோட முன்பக்கம் வீக்னு எழுதினா, அண்ணன் சொன்ன அநியாயம் அங்கயே நடந்துரும். குடிக்காத பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயும் அதே நாள்ல அதே கேள்விய கேட்டு ஒப்பிடணும், கடனையும் சாப்பாட்டையும் ரத்தசோகையையும் சேத்து எழுதணும். சிவப்பு மையில நீலம்னு எழுதிக் காட்டி நிறத்தச் சொல்லச் சொல்ற சோதனையும் அப்பிடித்தான், வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்கு அது ஒண்ணையும் அளக்காது.

அப்புறம் ஒண்ணு. இதுவரைக்கும் எல்லாரும் ஆம்பளைங்க குடிக்கிறதப் பத்தியே பேசுறீங்க. மலையில நிக்கிற பொம்பளைங்க காலைலேருந்து அந்தி வரைக்கும் வெத்தலை, பாக்கு, பொயிலைய வாயில அடக்கிக்கிட்டு வேலை செய்றாங்க, பசி தெரியாது, குளிர் தெரியாதுன்னு. அத யாரும் போதைன்னு சொல்றதில்ல. பாக்குல இருக்கிற அரெகொலின், சிகரெட்டுல இருக்கிற நிகொட்டின் போய் ஒட்டுற அதே ஏற்பிகள்ல கொஞ்சம் வேலை செய்யுதுன்னு 2015ல காட்டிருக்காங்க. பொயிலை இல்லாத வெறும் வெத்தலை பாக்கே புற்றுநோய் தரும்னு 2004லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் அமைப்பு சொல்லிருச்சு. பணக்கார நாட்டு ஆய்வுகூடத்துல பாக்குக்கு அடிமையான மூளைய எத்தனை பேர் பாத்திருப்பாங்க? நம்ம வலையமைப்பு உலகத்துக்குப் புதுசா ஒண்ணு குடுக்கணும்னா அது இங்கதான் இருக்கு, நம்ம அம்மாமாரோட வாயில.

---

கொட்டகலைக்காரி · செவ்வாய் இரவு 10.10

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து நைட்டு அம்மாகிட்ட டீச்சர் எழுதினத வாசிச்சுக் காட்டினேன், கேட்டுட்டு வெத்தலப் பைய கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் "இதையும் கேப்பாங்களா?"ன்னாங்க. கேப்போம்மா.

டிஸ்பென்சரி அக்கா மாலை போடுறதப் பத்திச் சொன்னதிலேருந்து எனக்கு ஒரு யோசனை ஓடிக்கிட்டே இருக்கு. வெளிநாட்டுல ஒருத்தர ஒன்றரை மாசம் குடிக்காம வச்சுப் பாக்கணும்னா ஆஸ்பத்திரில படுக்க வைக்கணும், எவ்வளவோ செலவு. நம்ம ஊர்ல 41 நாள், சிலர் 48 நாள், யாரும் காசு குடுக்காம, யாரும் கட்டாயப்படுத்தாம, வருசா வருசம் அதே மாசத்துல நூத்துக்கணக்குல ஆளுங்க தானா நிப்பாட்டுறாங்க. மாலை போட்ட ஒடனே அவரை எல்லாரும் சாமின்னு கூப்புடுறாங்க, கூட குடிச்ச கூட்டாளியே அவருக்கு முன்னால போத்தல எடுக்க மாட்டான், வீட்டுல தனிச் சாப்பாடு, தனிப் பாய், வெடிகாலைலயும் அந்தியிலயும் குளிப்பு, பஜனை. மகாவலிக்கரை அண்ணன் சொன்ன வியட்நாம் கதைல எடம் மாறுனுச்சு, இங்க எடம் மாறல, ஆனா எடத்துல இருக்கிற ஆளுங்க நடந்துக்கிறது மொத்தமா மாறுது. அந்த "வெளக்கு" எல்லாம் கொஞ்ச நாளைக்கு அணைஞ்சு போகுது. மாலை போட முந்தி, இருபதாம் நாள், கழட்டுற அன்னிக்கு, கழட்டி ஒரு மாசம், மூணு மாசம்னு தூக்கம், ஆசை எவ்வளவு, கவனம், ஈரல் ரத்தப் பரிசோதனை இதுகள மட்டும் எல்லாத் தோட்டத்துலயும் ஒரே மாதிரி பாத்தா? மாலை கழட்டின அன்னிக்கே திரும்பப் போறவங்க யாரு, போகாதவங்க யாரு, அவங்களுக்கு நடுவுல என்ன வித்தியாசம்? எங்க அப்பாவும் ரெண்டு வருசம் மாலை போட்டாரு. கழட்டுன அன்னிக்கு நைட்டே போய்ட்டாரு. அந்த 41 நாளும்தான் எங்க வீட்டுல நாங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்ட நாள். அந்த நாள்ல அவரோட மூளைல ஏதோ ஒண்ணு ஆற ஆரம்பிச்சிருக்கணும், அத புடிச்சு வச்சிக்க யாருக்கும் தெரியல.

அக்கா, ஆபத்தான ஆளுங்கள முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு அனுப்புற ஏற்பாடு இல்லாம இத ஆரம்பிக்க மாட்டேன், சத்தியமா.

---

சட்டம் படிக்கிற தம்பி · புதன் காலை 7.45

அக்கா, யோசனை நல்லா இருக்கு. அனுமதி விசயத்துல மட்டும் கொஞ்சம் கவனமா இருங்க.

தோட்டத்துக்குள்ள போக தொரைகிட்ட, தோட்ட மனேஜர்கிட்ட அனுமதி வாங்கணும், அது வேற. ஆனா தொரை சரின்னு சொன்னா ஆளுங்களும் சரின்னு சொன்ன மாதிரின்னு நெனைக்கிற பழக்கம் இருக்கு, அது பெரிய தப்பு. கங்காணி கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறப்ப யாரு வேணாம்னு சொல்லுவாங்க? செக்ரோல, தோட்டத்து வேலையாள் பேர்ப் பதிவ வச்சு ஆள் எடுக்கவே கூடாது. பேர் பட்டியல் எதுவும் தோட்டத்து ஒஃபிஸ்ல இருக்கக்கூடாது, யார் குடிக்கிறாங்கன்னு அங்க தெரிஞ்சா வேலைக்கே வினையாகும். கோயில் கமிட்டி, மரண சகாய சங்கம், பொம்பளைங்க சங்கம் இது வழியாப் போங்க, பேசுறது லயத்துக்குள்ள இல்லாம வேற எடத்துல இருக்கட்டும், லயத்து சுவரு வழியா இருமல் சத்தமே ஆறாவது வீடு வரைக்கும் கேக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல சுகாதாரத் தகவலுக்கு விசேச பாதுகாப்பு இருக்கு, வலையமைப்பு ஒப்பந்தத்துல அதைச் சேருங்க. மருத்துவ பீடத்தோட ஒழுக்கநெறிக் குழு ஒண்ணுல அனுமதி வாங்காம ஒரு ஆளையும் தொடாதீங்க, அதுக்கு மாசக்கணக்குல ஆகலாம், கார்த்திகைக்கு வேணும்னா இப்பவே எழுத ஆரம்பிச்சாத்தான் சரி. தகவல் சேக்க ரெட்காப்னு ஒரு மென்பொருள் இருக்கு, லாபநோக்கமில்லாத நிறுவனங்களுக்கு இலவசம், சிக்னல் இல்லாத மலையிலயும் போன்ல பதிஞ்சிட்டு அப்புறம் அனுப்பலாம்.

யார் பேர் கட்டுரைல மொதல்ல வரும்ங்கிறதையும் இப்பவே எழுதி வச்சிக்கங்க. கேள்வி கேட்டு அலைஞ்சவங்க பேர் ஒரு மூலைல நன்றிங்கிற வரியில நிக்கிறத நான் பாத்திருக்கேன்.

---

மஸ்கெலியா அண்ணன் · புதன் இரவு 9.00

தங்கச்சி, நான் ஏழு தடவ மாலை போட்டவன். ஆறு தடவ கழட்டின ஒடனே போனேன். ஏழாவது தடவ போகல. ஏன்னு யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல. ஏழாவது தடவ குருசாமி கழட்டி முடிச்சிட்டு, நாளைலேருந்து காலைல கோயில் கூட்டுற வேலை ஒனக்குத்தான்னு சொல்லிட்டாரு. மாலை போச்சு, ஆனா சாமின்னு கூப்புடுறது நிக்கல. இன்னிக்கும் கூப்புடுறாங்க. இது ஒங்க அளவுல எங்க வரும்னு எனக்குத் தெரியாது, ஆனா இத விட்டுறாதீங்க.

கேள்வியெல்லாம் எழுதுனதுக்கு அப்புறம் எங்களுக்குக் காட்டுங்க. குடிகாரன்ங்கிற சொல்லு ஒரு எடத்துலயும் வரக்கூடாது, ஒங்க அப்பாவ எழுதுனீங்களே ரொட்டி சுட்டாருன்னு, அந்த மாதிரி எழுதுங்க.

---

கொட்டகலைக்காரி · புதன் இரவு 9.35

அண்ணே, நீங்க எழுதினத வாசிச்சு அழுதுட்டேன். மாலை கழட்டினதுக்கு அப்புறம் கோயில்லயோ வேற எங்கயோ ஒரு வேலை கெடச்சுதா, இன்னும் சாமின்னு கூப்புடுறாங்களாங்கிறத இப்பவே கேள்வித்தாள்ல சேத்துட்டேன்.

ஒண்ணு கேக்கணும். இந்த வலையமைப்புக்கு ஒரு வழிநடத்துற குழு வேணும், அதுல டொக்டர்மாரும் கம்பஸ் ஆளுங்களும் இருப்பாங்க. நிப்பாட்டினவங்க பக்கத்துலேருந்து ரெண்டு பேருக்கு அதுல சமமான எடம் இருக்கணும்னு எழுதிருக்கேன், சும்மா பேருக்கு இல்ல, ஓட்டுரிமையோட. ஒரு எடத்துக்கு நீங்க வருவீங்களா? கூட்டத்தன்னிக்கு ஒங்க ஒரு பேர் சம்பளத்துக்கும் பஸ்ஸுக்கும் நிதி விண்ணப்பத்துல எடம் வைக்கிறேன். டிஸ்பென்சரி அக்கா, ஒங்க போத்தல் அட்டைக்கு படம் எடுக்க இந்தச் சனிக்கிழமை வரலாமா? அந்தி நாலு மணிக்கு மேல வர்றேன்.

---

மஸ்கெலியா அண்ணன் · புதன் இரவு 9.50

வர்றேன். கூட்டம் ஞாயித்துக்கிழமை வைங்க, பேர் சம்பளம் வேணாம், பஸ் காசு போதும். தமிழ்ல பேசுங்க.

---

டிஸ்பென்சரி அக்கா · வியாழன் காலை 5.50

சனிக்கிழமை வாங்க தங்கச்சி. காலிப் போத்தல் நான் சேத்து வைக்கிறேன், லயத்துக்குப் பின்னால போய்ப் பாத்தா எல்லா அளவுலயும் கெடைக்கும். மழை அங்கி கொண்டு வாங்க, இங்க நாலு நாளா விடாம பேயுது.